காரை விற்க வேண்டாம், நாற்காலியை மாற்றுங்கள்

பெருந்துறைக்குப் பக்கத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் 44 வயதுச் சகோதரி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறோம்.

அவருடைய கணவருக்கு வயது 49. பதினாலு மாதத்துக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் டி12 மட்டத்தில் (நெஞ்சுப் பகுதியின் கடைசி முதுகெலும்பு) அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளில் பலம் நன்றாக இருக்கிறது. மாதம் ஒருமுறை கோயமுத்தூருக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வீட்டில் 2013ஆம் வருஷத்து வேகன்ஆர் நிற்கிறது, டிக்கியில் காரின் கேஸ் சிலிண்டர். சக்கர நாற்காலி 18 கிலோ எடையுள்ள இரும்பு நாற்காலி, கைவைக்கும் சட்டம் பற்றவைத்தது. "கொழுந்தனாரும் இன்னும் ரெண்டு பேரும் கக்கத்துல கை குடுத்துத் தூக்கி வெச்சாத்தான் கார்ல ஏற முடியுதுங்க. ஒரம்பரை ஊட்டுக் கல்யாணத்துக்குக் கூப்புட்டா, என்னைத் தூக்கறதுக்கு ஆளு தேடோணும், நான் வல்லைன்னு சொல்லிப் போடறாருங்க" என்று எழுதியிருக்கிறார். நாற்காலியைத் தூக்கித் தூக்கி அவருக்கே இடுப்பு வலி வந்துவிட்டது. போன மாதம் கணவரின் பிட்டத்தில் ஒரு புண் வந்து, இப்போதுதான் ஆறியிருக்கிறது.

அவர் கேட்பவை: வேகன்ஆரை விற்றுவிட்டுப் பழைய ஆம்னி வேன் வாங்கி, சீட்டைக் கழற்றி, பலகை போட்டு நாற்காலியோடு உள்ளே தள்ளிக் கயிற்றால் கட்டிவிடலாமா? நாற்காலியை மேலே கேரியரில் போடலாமா? திருப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் சொல்வதுபோல் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் காரின் பின்னால் மாட்டலாமா? மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டினால் விஜயமங்கலம் டோலில் பணம் கட்ட வேண்டாமாமே?

பதில் அளிப்பவர்: முதுகுத்தண்டு பாதிப்புக்கான மறுவாழ்வு சிகிச்சையில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியது காரல்ல, "கைவைக்கும் சட்டம் பற்றவைத்தது" என்ற ஒரு வரி. உங்கள் சிரமத்தில் பாதி அங்கே இருக்கிறது. பக்கச் சட்டம் கழலாத நாற்காலியிலிருந்து யாராலும் பக்கவாட்டில் நகர்ந்து கார் சீட்டுக்குப் போக முடியாது. மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் மூன்று ஆள் தேவைப்படுகிறது. டி12 மட்டத்தில் அடிபட்டவருக்கு உட்காரும் சமநிலையும் கைப்பலமும் இருக்கும். சரியான நாற்காலியும், அதற்கும் கார் சீட்டுக்கும் நடுவே பாலம்போல் வைக்கும் ஒரு பலகையும், சில வாரப் பயிற்சியும் கிடைத்தால், பெரும்பாலும் தானே காரில் ஏறி இறங்குவார். ஆம்னிக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதி இதற்குப் போதும்.

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். இனி அவருக்குக் கால் என்பதே தோள்பட்டைதான். அப்படி இழுத்துத் தூக்கும்போது தோள் மூட்டு கெடும். அதோடு பிட்டம் கதவின் அடிவிளிம்பில் உரசிக்கொண்டு போகும். உணர்வு இல்லாததால் அவருக்குத் தெரியாது. போன மாதத்துப் புண்ணுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆம்னி ஏன் வேண்டாம்

நாற்காலியோடு அப்படியே ஏற்றுவது சுலபமாகத் தெரியும். முதலில் ஒரு டேப்பை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து அவருடைய உச்சந்தலை வரை அளந்து பாருங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 125 முதல் 135 செ.மீ. வரும். அந்த உயரத்தைச் சின்ன வேனின் கதவு வாயோடு ஒப்பிட்டால், தலையைக் குனிய வைத்துத் தள்ள வேண்டியிருப்பது தெரிந்துவிடும்.

அடுத்தது சரிவு. வேனின் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் நீளப் பலகை போட்டாலும் ஒன்றுக்கு நாலு என்ற சரிவுதான் கிடைக்கும். அவர் 75 கிலோ, நாற்காலி 18 கிலோ என்றால் அந்தச் சரிவில் நீங்கள் தள்ள வேண்டிய விசை சுமார் 23 கிலோ. நடுவில் மூச்சு வாங்க நிற்க முடியாது. இடுப்பு வலி இருக்கும் உங்களுக்கு இது ஆகாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து கயிறு. வண்டிக்குள் ஆள் உட்கார்ந்தபடி பயணம் செய்வதற்கென்று தனி வகை நாற்காலிகள் உண்டு. ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற தரத்தின்படி, ஏறத்தாழ 48 கி.மீ. வேக மோதலுக்குச் சமமான சோதனையில் தேறியவை அவை. சட்டத்தில் நாலு இடங்களில் கொக்கிப் படம் போட்ட கட்டும் புள்ளிகள் இருக்கும். அதற்கான பெல்ட்டுகளுக்கும் ஐ.எஸ்.ஓ. 10542 என்று தனித்தரம் இருக்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பெல்ட்டும் வண்டியின் தளத்தில் இரும்போடு போல்ட் செய்த புள்ளிகளில் பூட்ட வேண்டும். ஆளுக்கான சீட்பெல்ட் தனி, அதுவும் நாற்காலியில் அல்ல, வண்டியில் பூட்டியிருக்க வேண்டும். நாற்காலி வண்டி போகும் திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. உங்களிடம் இருப்பது ஆஸ்பத்திரி வராண்டாவில் தள்ளுவதற்கான மடக்கு நாற்காலி. மோதலில் அதன் குறுக்குச் சட்டம் மடங்கும். நைலான் கயிறோ இழுபடும்.

ஆகவே அவர் காரின் சொந்த சீட்டில், காரின் சொந்த பெல்ட்டோடு உட்காரட்டும். நாற்காலி சாமானாகப் பின்னால் வரட்டும்.

எப்படிப்பட்ட நாற்காலி

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பித்தாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பக்கச் சட்டம் கழல வேண்டும் அல்லது பின்பக்கம் தூக்கிவிட வேண்டும். கால்மிதி வெளிப்பக்கம் திரும்பிக் கழல வேண்டும். பின்சக்கரம் 24 அங்குலம், நடுவில் பொத்தானை அழுத்தினால் கையோடு வரும் வகை. அலுமினியச் சட்டம், மொத்த எடை 12 முதல் 14 கிலோவுக்குள். சீட்டின் அகலம் அவருடைய இடுப்பு அகலத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. மட்டும் கூட. "கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று பெரிய அளவு வாங்கினால் உடம்பு ஒரு பக்கம் சாயும், மடக்கிய பிறகும் இடத்தை அடைக்கும்.

இருக்கும் நாற்காலியிலேயே கழலும் சக்கரம் வைத்துத் தரச் சொல்லி லேத் பட்டறைக்குப் போகும் எண்ணம் வரலாம். அந்த அச்சு பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. சிலவற்றில் 12 மி.மீ. இரண்டும் கலந்தால் சக்கரம் ஆடும், அல்லது பாதி நுழைந்து நிற்கும். அச்சின் முனையில் பூட்டும் சிறு இரும்புக் குண்டு வெளியே வராமல் நின்றால் போகும் வழியில் சக்கரம் கழன்று விழும். எந்த நாற்காலியானாலும், சக்கரத்தை மாட்டியதும் ஒருமுறை வெளிப்பக்கம் இழுத்துப் பார்க்காமல் அவரை உட்கார வைக்காதீர்கள். அச்சில் கிரீஸ் பூச வேண்டாம், தோட்டத்து மண் ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. வேலிக்கருவை முள் இருக்கும் இடத்தில் காற்று டயர் வாரம் ஒரு பஞ்சர் கேட்கும். கெட்டி டயர் குலுக்கும், ஆனால் நடுவழியில் விடாது. உங்கள் இடத்துக்குக் கெட்டி டயரே மேல்.

பலகையும் ஏறும் முறையும்

பலகையை ஆசாரியிடமே செய்யலாம். 18 மி.மீ. மரைன் பிளைவுட், நீளம் 70 செ.மீ., அகலம் 22 செ.மீ. இரண்டு முனையையும் மெலிதாகச் சீவி, ஓரங்களை உருட்டி, வழவழப்பாகத் தேய்த்து வார்னிஷ் அடிக்க வேண்டும். ஆணி, சிம்பு எதுவும் இருக்கக் கூடாது.

வேகன்ஆர் உயரமான வண்டி. சீட்டு நாற்காலியைவிடச் சில செ.மீ. மேலே இருக்கலாம். அப்படியானால் ஏறும்போது பலகை மேட்டுப் பக்கமாகச் சாயும், கைக்குச் சுமை கூடும். இரண்டு சீட்டின் உயரத்தையும் மெத்தையோடு அளந்து, எவ்வளவு வித்தியாசமோ அந்த உயரத்துக்கு வாசலில் ஒன்றரை மீட்டர் சதுரத்தில் சிமெண்டு மேடை போட்டுவிடுங்கள். 6 செ.மீ. மேடை என்றால் அதில் ஏறும் சரிவு 70 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். நாற்காலி மேடையில், கார் அதை ஒட்டிக் கீழே. வீட்டில் கஷ்டம் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரியிலும் மண்டபத்திலும் அந்த மேடை இருக்காது. அங்கே பழக்கம்தான் கைகொடுக்கும்.

கிளம்பும் முன் முன்பக்க இடது சீட்டைக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளி, முதுகைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியை சீட்டை ஒட்டி 30 பாகை சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போடுங்கள். கால்மிதியையும் கார் பக்கத்துச் சட்டத்தையும் கழற்றுங்கள். அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்ததும் பலகையை ஒரு சாண் அளவு தொடைக்கு அடியில் நுழைத்து, மறுமுனை சீட்டின் மேல் ஒரு சாண் படும்படி வையுங்கள். ஒரு கை சீட்டில், ஒரு கை நாற்காலியில். தலையையும் நெஞ்சையும் முன்னால் குனிந்து, பிட்டத்தைச் சற்றே தூக்கி நகர்த்தி, இறக்கி, மறுபடி தூக்கி நகர வேண்டும். நாலைந்து தடவையில் போய்விடலாம். இழுத்துத் தேய்த்துக்கொண்டு போவது கூடாது. பலகையின் ஓரத்தை விரலால் சுற்றிப் பிடித்தால் நசுங்கும், உள்ளங்கையை ஊன்ற வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பது. கதவைச் சாத்துமுன் கால்விரலைக் கண்ணால் பாருங்கள், மாட்டினாலும் அவருக்கு வலிக்காது. முதல் சில வாரம் நீங்கள் எதிரே நின்று முட்டியை அணைத்துக் காவல் இருக்க வேண்டும். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டியிருந்தால் தடுமாறும்போது அதைப் பிடிக்கலாம், கையைப் பிடிக்காதீர்கள்.

வேட்டி இதற்கு ஒத்துவராது. பலகைக்கு அடியிலும் சக்கரத்திலும் மாட்டும். பின்பாக்கெட் இல்லாத, கெட்டித் தையல் இல்லாத டிராக் பேண்ட் போடச் சொல்லுங்கள். மண்டபத்துக்குள் போனபிறகு மேலே வேட்டி கட்டிக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது!

பெருந்துறையிலிருந்து கோயமுத்தூர் சுமார் 80 கி.மீ. ஒன்றரை இரண்டு மணி நேரம் ஒரே இருப்பு. அரைமணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் பிட்டத்தின் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். புண் வந்தவர் என்பதால் இதில் சலுகை கிடையாது. பலர் செய்யும் தவறு, நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை வாங்கிப் போடுவது. அது சுற்றிலும் அழுத்தி நடுச்சதைக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். நல்ல ஃபோம் அல்லது காற்றறை மெத்தை போடலாம். போட்டபின் தலை கூரையில் முட்டாமலும், இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறாமல் இடுப்பெலும்பில் கீழே படிந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் சிறுநீர் சேரும் பை மாட்டியிருந்தால் அதைக் காலி செய்துவிட்டு, பெல்ட் குழாயை நசுக்காமல், வயிற்றுக்குக் கீழே இருக்கும்படி மாட்டுங்கள். சித்திரை வெயிலில் நின்ற காரில் பெல்ட்டின் இரும்பு நாக்கு தொடையில் பட்டால் கொப்புளம் வரும். அவர் உட்காருமுன் உங்கள் கையால் தொட்டுப் பார்ப்பது ஒரு நொடி வேலை.

நாற்காலியை எங்கே வைப்பது

மேலே கேரியர் வேண்டாம். தலைக்கு மேல் கையை நீட்டி நாற்காலியைத் தூக்குவதைவிட இடுப்புக்குக் கெட்ட வேலை வேறில்லை. டிக்கியும் ஆகாது. அந்த மாடல் வேகன்ஆரில் டிக்கியே 180 லிட்டர்தான், அதையும் சிலிண்டர் தின்றுவிட்டது. மிச்ச இடத்தில் நாற்காலியைச் சொருகிச் சிலிண்டரின் தாங்கியில் கட்டுவது ஆபத்து. வால்வில் இரும்பு இடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்குச் சரியான இடம் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் பள்ளம். மெத்தை, கால்மிதி, பக்கச் சட்டம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சீட்டுத் துணியை நடுவில் முன்னும் பின்னும் பிடித்து மேலே இழுத்தால் நாற்காலி மடங்கும். அகலம் 30 செ.மீ.க்குள் வந்துவிடும். அதைத் தூக்க வேண்டாம், உருட்டிக்கொண்டு போய் வலது பின்கதவில் நிறுத்துங்கள். அடிவிளிம்பில் ஒரு பழைய ரப்பர் மிதியடியைப் போடுங்கள். பின்பக்கக் கைப்பிடியைக் கீழே அழுத்தினால் முன் சின்னச் சக்கரங்கள் எழும்பும், அவற்றை உள்ளே வைத்துவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் தூக்கித் தள்ளுங்கள். பாதி எடைதான் கையில் வரும். இடம் பற்றாவிட்டால் பெரிய சக்கரத்தைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் படுக்க வைத்து, அதையும் கட்டிவிடுங்கள். வலது கதவு ரோட்டுப் பக்கம் என்பதால் நெடுஞ்சாலை ஓரத்தில் இந்த வேலை வேண்டாம், பெட்ரோல் பங்க்கிலோ ஆஸ்பத்திரி வளாகத்திலோ செய்யுங்கள்.

பிறகு கட்டுவது. 18 கிலோ நாற்காலி கட்டாமல் கிடந்தால், 50 கி.மீ. வேகத்தில் பலமாக மோதும் தருணத்தில் 360 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பாயும். அதன் முன்னால் இருப்பது காரை ஓட்டுபவரின் முதுகு. பின்சீட்டின் பெல்ட்டை நாற்காலியின் குறுக்குச் சட்டத்துக்குள் விட்டு எடுத்து பக்கிளில் பூட்டுங்கள். மேலும் ஒரு 25 மி.மீ. அகல ராட்செட் பெல்ட்டால் (பிடியை நெம்பி இறுக்கும் கட்டு) பின்சீட்டின் இரும்புக் காலோடு இறுக்குங்கள். சைக்கிள் டியூப் நாற்காலி விரியாமல் இருக்கக் கட்ட மட்டும் உதவும், காரோடு பிணைக்க உதவாது, நீளும். கழற்றிய கால்மிதியை ஒரு துணிப்பையில் போட்டு அதே சட்டத்தில் கட்டிவிடுங்கள். தேர் நோம்பிக்குச் சென்னிமலை மேலே காரில் போவதாக இருந்தால் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கத்தைப் பாருங்கள், வளைவுகளில்தான் தளரும்.

நாற்காலியை விரிக்கும்போது சீட்டின் இரு குழாய்களையும் உள்ளங்கையால் கீழே அழுத்துங்கள், விரல்கள் உள்பக்கம் பார்க்கட்டும். குழாயைச் சுற்றிப் பிடித்தால் நசுங்குவது உங்கள் விரல்.

பேட்டரி ஸ்கூட்டர்

அண்ணன் மகன் இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறார் என்று தோன்றுகிறது. அரசு தருவது இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். அது ரோட்டில் ஓட்டும் வண்டி, லைசென்ஸ் வேண்டும், காரில் ஏற்றும் பேச்சே இல்லை. உங்கள் கணவருக்கு அது நிச்சயம் பயன்படும், விண்ணப்பியுங்கள். மற்றது மூத்தவர்கள் கடைவீதியில் ஓட்டும் சின்ன பேட்டரி ஸ்கூட்டர். ஓரளவு நிற்கவும் நாலு அடி நடக்கவும் முடிந்தவர்களுக்கானது. வீட்டுக்குள் திரும்பாது, தோட்டத்து மண்ணில் அடி தட்டும். நாற்காலிக்கு அது மாற்று ஆகாது.

எடையும் 45, 50 கிலோ வரும். பிரித்து ஏற்றும் வகையில்கூட மோட்டார் உள்ள துண்டு மட்டும் 15 கிலோவுக்கு மேல். அதைச் சின்னக் காரின் பின்னால் தொங்கவிட்டால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையும், பாரம் பின் அச்சுக்கு வெளியே தொங்கி முன்சக்கரத்தின் பிடிமானம் குறையும். எதிர்காலத்தில் பேட்டரி நாற்காலி வாங்கினாலும் மூன்று விஷயம் மறக்க வேண்டாம். ஏற்றியபின் சாவியை அணைத்து, மோட்டார் நெம்புகோலை ஓட்டும் நிலையிலேயே வையுங்கள். தள்ளும் நிலையில் விட்டால் பிரேக்கே இருக்காது, வண்டிக்குள் உருளும். லித்தியம் பேட்டரியைக் கழற்றி, முனைகளை டேப் ஒட்டி மூடிக் கையோடு எடுத்துப் போங்கள், பூட்டிய காரில் வெயிலில் விடாதீர்கள். திரவ அமிலப் பேட்டரி என்றால் சாய்க்கவே கூடாது.

டோலும் ஆர்.டி.ஓ.வும்

அட்டையைக் காட்டினால் டோல் இல்லை என்பது தவறான நம்பிக்கை. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் விலக்கு இருப்பது, மாற்றுத்திறனாளி பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்த வாகனத்துக்கு. சாதாரணக் காரில் நாற்காலி கிடப்பதால் அது கிடைக்காது. விஜயமங்கலத்தில் வாக்குவாதம் செய்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை. கைப்பலம் உள்ள அவர், ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் கையால் இயக்கும் கருவி பொருத்திய காரைத் தானே ஓட்டலாம். கிளட்ச் இல்லாத வண்டி இதற்குச் சுலபம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றத்துக்கு இடம் தருகிறது. 2019 திருத்தத்தில் இதற்கு மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்றே பெயர். மாற்றத்தை ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர் அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். பதியாமல் பட்டறையில் பொருத்திக்கொண்டால் விபத்து நேரும்போது இழப்பீடு சிக்கலாகும். சாலை வரி விலக்கையும் பிரீமியச் சலுகையையும் அப்போதே கேளுங்கள். இப்போதுள்ள காரில் பலகையோடு ஏறி இறங்குவது பழகட்டும், இதை அடுத்த வருஷம் யோசிக்கலாம்.

ஏறி இறங்கும் பயிற்சியை அடுத்த மாதம் கோயமுத்தூர் போகும்போதே கேளுங்கள். உங்கள் காரை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து, உங்கள் நாற்காலியிலேயே, நீங்கள் இருவரும் சேர்ந்து பழகும்படி கேளுங்கள். சிகிச்சை அறையில் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே மட்டும் பழகியவர்கள் கார் கதவின் முன் திணறுவார்கள். தங்கிப் பழக வேண்டியிருந்தால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தைப் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். புண் ஆறிய தோல் இன்னும் மெலிதாகத்தான் இருக்கும். பலகைப் பயிற்சி தொடங்கலாமா என்று முதலில் அந்த இடத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். பழகும் நாட்களில் தினமும் இரவு கண்ணாடி வைத்துப் பிட்டத்தைப் பாருங்கள். சிவப்பு தெரிந்து, அழுத்தத்தை எடுத்து அரைமணி கழித்தும் மறையாவிட்டால், அது முழுக்க மறையும்வரை அந்த இடத்தில் பாரம் விழக் கூடாது. பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.